இரணைதீவுக்குப் போன படகுகள்



“காலம் சரியில்லை, இப்பொழுது என்ன செய்ய முடியும்?” என்று எம்மிடம் கேட்போர் பலர். படித்தவர்களே அவர்களுட் கூடுதல். இக்கேள்விக்கு விடையை நாம் கண்டது சட்டப் புத்தகத்திலன்று, இரணைதீவிலேயாம்.

கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்குக் கடலிலுள்ள அத்தீவினின்றும் 1992 இல் மக்கள் வெளியேறினர். 2009 இல் போர் முடிந்தது. கடற்படையோ தீவை விடவில்லை. மக்கள் எதிர்க்கரையில் இரணைமாதா நகரில் இருந்தனர். மனுக்கள் கொடுத்தும் மீளக் குடியேற அனுமதி கிடைக்கவில்லை. 2017 மே 1 ஆம் நாள் கொட்டில் போட்டு அமர்ந்தார்கள். முன்னின்றோரிற் பெரும்பாலார் பெண்கள். ஏறக்குறைய ஓராண்டு சென்றது. 2018 ஏப்ரல் 23 ஆம் நாள், எவர் உத்தரவுக்கும் காத்திராது, வெள்ளைக்கொடி கட்டிய படகுகளிலே சென்று தம் மண்ணில் இறங்கினர், தேவாலயத்திலே வழிபட்டனர், அங்கேயே தங்கினர். அடுத்த மாதமே அரசாங்கம் இணங்கிற்று.

அத்துணிவு முதல் நாளிலேயே அவர்களிடம் இருந்ததென்று நாம் எண்ணவில்லை. நாள்தோறும் அக்கொட்டிலில் வந்திருந்தமையால் வளர்ந்ததே அது. நாமோ ஊக்கம் பிறந்தபின் எழலாமென்று இருக்கின்றோம். நியாயவாதிகளாகிய எமக்குத் தவணை கேட்கும் பழக்கம் வேறு!

எம் ஊரிலும் விடுபடாத காணிகள் உண்டு. வருகின்ற ஞாயிறு காலை நியாயவாதிகளும் நில அளவையாளரும் இம்மண்டபத்தில் இருப்பர். உறுதிகளை எடுத்து வாருங்கள். உறுதி அழிந்திருப்பின், எல்லையறிந்த அயற்காணிக்காரரை அழைத்து வாருங்கள். கட்டணம் இல்லை.