ஏழு பாலமும் ஒரு கணக்கும்



கோனிக்ஸ்பர்க் என்ற ஊரில் பிரேகெல் ஆற்றின்மேல் ஏழு பாலங்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் ஒரே தடவை கடந்து ஊரைச் சுற்ற முடியுமா என்று ஜனங்கள் நடந்து நடந்து பார்த்தார்கள். ஆய்லர் என்னும் கணித அறிஞர் நடக்கவில்லை, யோசித்தார். நிலத்தைப் புள்ளியாகவும் பாலத்தைக் கோடாகவும் வையுங்கள். வந்த இடத்தைவிட்டுப் போக வேறொரு பாலம் வேண்டுமல்லவா? ஆகவே, துவக்கமும் முடிவும் தவிர மற்ற இடங்களில் பாலங்கள் இரட்டைப்படையாயிருக்க வேண்டும். அங்கோ நான்கு நிலத்திலும் ஒற்றைப்படை: 5, 3, 3, 3. முடியாதென்று 1735-ல் ருஜுப்படுத்தினார்.

1956-ல் டைக்ஸ்ட்ரா என்ற ஹாலந்துக்காரர் அதே புள்ளி, கோட்டைக் கொண்டு குறுக்குவழி காணும் முறையைக் கண்டார். இன்று இன்டர்நெட்டில் செய்திக்குப் பாதை தேடவும் அம்முறை உதவுகிறது.

முடியும் என்றாலும், முடியாது என்றாலும், யார் சொன்னார் என்று கேளாதீர்கள்; காரணம் என்னவென்று கேளுங்கள்!