வேர் துளிர்க்கும், நாம் விட்டால்!

வ. புதுப்பட்டியில் நின்று மேற்கே பாருங்க. அந்த மலைக்காடு 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. கோடையில் அங்கே தீப்பிடித்தால் மரங்கள் என்னாகும்?

பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 1988 முதல் முதுமலையில் 50 ஹெக்டேர் காட்டில் மரங்களுக்கு எண் கொடுத்து அளந்து வருகிறார்கள். தடித்த பட்டையுள்ள பெரிய மரங்கள் பெரும்பாலும் தப்பிவிடும். கன்று கருகினாலும், வேர் பிழைத்தால் மறுபடி துளிர்க்கும். ஆனா, அடிக்கடி தீ வந்தா கன்று மரமாக நேரமே கிடைக்காது. பெரிய மரம் நிற்கும், வாரிசு இருக்காது.

சதுரகிரி போறீங்களா? தீப்பெட்டி, பீடி வேண்டாம். காட்டில் புகை தெரிஞ்சா வீடியோ எடுக்கும் முன் 112-க்குக் கூப்பிட்டு இடத்தைச் சொல்லுங்க.