கையில் கட்டும் நடைப்பட்டி: வாங்கலாமா, வேண்டாமா?

(கட்டைபறிச்சானில் நடந்த குடும்ப ஒன்றுகூடலில் நமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



மலையிலிருந்து பஸ் ஏறி மூதூர்ப் பக்கம் வந்திருக்கும் தோட்டக் குடும்பங்களுக்கும், நம்மை உபசரிக்கும் கட்டைபறிச்சான் மக்களுக்கும் முதலில் நன்றி. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சின்னதுதான். ஆனால் அது நமது காசையும் தொடுகிறது, உயிரையும் தொடுகிறது.

கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் தீபாவளிக்கு வரும்போது கையில் ஒரு ரப்பர் பட்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். அம்மா அப்பாவுக்கும் ஒன்று வாங்கி வருகிறார்கள். எத்தனை காலடி நடந்தோம், இதயம் எப்படித் துடிக்கிறது, எவ்வளவு நேரம் தூங்கினோம் என்று அது காட்டுகிறது. 2014 இல் சீனாவின் ஷாவ்மி கம்பனி இப்படியொரு பட்டியை 79 யுவானுக்கு விற்கத் தொடங்கியது. அதன் பிறகு விலை குறைந்த பட்டிகள் உலகமெங்கும் பரவின. இன்று பெயர் தெரியாத பட்டிகளும் டவுன் கடைகளில் தொங்குகின்றன. இவை நமக்கு உதவுமா என்று பார்ப்போம்.

முதலில் காலடிக் கணக்கு. இந்தப் பட்டிக்குக் கால் தெரியாது. அதற்குத் தெரிந்தது கை ஆடுவது மட்டுந்தான். உள்ளே அசைவை உணரும் ஒரு சிறு கருவி இருக்கிறது. நடக்கும்போது கை எப்படி வீசுமோ, அந்த அசைவைப் பார்த்து அது காலடியைக் கணக்கிடுகிறது. கட்டைபறிச்சான் போன்ற சமதரையில் கையை வீசி நடப்பவருக்கு இது ஓரளவு சரியாகவே வரும்.

மலையில் என்ன நடக்கிறது? கொழுந்து பறிக்கும்போது கால் ஒரே இடத்தில் நிற்கிறது, இரண்டு கையும் ஓயாமல் ஓடுகிறது. நடக்காத காலடியையும் பட்டி கூட்டிவிடலாம். கொழுந்து மூட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிறுவைக்கு ஏறுகிறீர்கள். அப்போது கை ஆடாது, நடந்த காலடியைப் பட்டி விட்டுவிடலாம். காலடியை மட்டும் எண்ணும் மலிவான பட்டிக்கு ஏற்றமும் ஒன்றுதான், சமதரையும் ஒன்றுதான். முதுகில் இருக்கும் சுமை அதற்குத் தெரியவே தெரியாது. ஆகவே பறிக்கிற நாளில் அது காட்டும் கணக்கை யாரும் பெரிதாக எடுக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம். தினமும் 10,000 காலடி நடந்தே ஆக வேண்டும் என்று பலர் சொல்கிறார்கள். இது எங்கிருந்து வந்தது தெரியுமா? 1964 இல் டோக்கியோவில் ஒலிம்பிக் விளையாட்டு நடந்தது. அதற்கு அடுத்த ஆண்டு ஜப்பானில் ஒரு கம்பனி இடுப்பில் மாட்டும் நடைமானி ஒன்றை விற்றது. அதற்கு வைத்த பெயரின் அர்த்தமே பத்தாயிரம் அடி மானி என்பதுதான். வியாபாரப் பெயராக வந்த எண் அது. 2019 இல் அமெரிக்காவில் 16,000 க்கும் அதிகமான வயதான பெண்களை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. நாளுக்கு 2,700 காலடி அளவில் நடந்தவர்களைவிட 4,400 அளவில் நடந்தவர்களிடையே மரணம் குறைவாக இருந்தது. சுமார் 7,500 க்கு மேல் நடந்தவர்களிடம் அதற்கு மேல் கூடுதல் வித்தியாசம் தெரியவில்லை.

விடிந்ததும் பிரட்டுக்குப் போய், பகல் முழுக்க மலையில் நின்று, மாலை லயத்துக்கு வந்து விறகும் தண்ணீரும் தூக்குகிற அம்மாவுக்கு இன்னும் நடக்கச் சொல்லும் பட்டி தேவையில்லை. அவருக்கு வேண்டியது ஓய்வு, தூக்கம், நேரத்துக்குச் சாப்பாடு. பெண்சாதி களைத்துப் போயிருக்கும்போது, "நீ இன்றைக்குக் குறைவாகத்தான் நடந்திருக்கிறாய்" என்று பட்டியைக் காட்டிப் பேசும் புருஷன்மார் இதைக் கவனிக்க வேண்டும்!

அடுத்தது இதயத் துடிப்பு. பட்டியின் அடியில் பச்சை வெளிச்சம் எரிகிறதல்லவா? தோலுக்குக் கீழே இரத்தம் ஓடும்போது திரும்பி வரும் வெளிச்சம் கூடிக் குறைகிறது. அதை வைத்துத்தான் துடிப்பை எண்ணுகிறது. 2017 இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் ஏழு விதக் கருவிகளைச் சோதித்தார்கள். ஆறு கருவிகள் துடிப்பை 5 வீதத்துக்குள் சரியாகக் காட்டின. ஆனால் உடம்பு எரித்த கலோரிக் கணக்கில் மிக நல்ல கருவியே 27 வீதம் பிழையாகக் காட்டியது. அதனால் கலோரி எண்ணைப் பார்த்துச் சோற்றைக் குறைக்காதீர்கள்.

இனிச் சொல்வதை எல்லோரும் கவனமாகக் கேளுங்கள். சில பட்டிகள் பிரஷரும் காட்டும், சுகரும் காட்டும் என்று சொல்லி விற்கிறார்கள். விரலில் குத்தாமல், தோலில் ஊசி படாமல், தானாகவே சுகர் அளக்கும் கடிகாரம் எதற்கும் தாம் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2024 பெப்ரவரியில் எச்சரித்தது. பிரஷரும் அப்படித்தான். கையில் துணிப்பட்டை சுற்றிக் காற்றடித்துப் பார்க்கும் கருவியின் இடத்தை இந்த மலிவான பட்டி பிடிக்க முடியாது.

நமக்குத் தெரிந்த ஓர் அம்மா, "பட்டியில் பிரஷர் நல்லாத்தானே காட்டுது" என்று இரண்டு கிளினிக்குக்குப் போகவில்லை, குளிசையும் நிறுத்திவிட்டார். மூன்றாம் முறை மிட்வைஃப் மிஸ் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால் பிரஷர் மிகவும் ஏறியிருந்தது. நல்ல காலம், நேரத்துக்குப் பிடிபட்டது. பட்டி சொன்னதை நம்பிக் குளிசையைக் கூட்டுவதும் ஆபத்து, குறைப்பதும் ஆபத்து.

சரி, வாங்கத்தான் வேண்டும் என்றால் கடையிலேயே சோதித்துப் பாருங்கள். ஒன்று: வாயால் எண்ணி நூறு காலடி நடந்து, பட்டி எத்தனை காட்டுகிறது என்று பாருங்கள். ஒன்றிரண்டு கூடிக் குறைந்தால் பரவாயில்லை. இரண்டு: உட்கார்ந்து மணிக்கட்டில் விரல் வைத்து முப்பது விநாடி நாடியை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பட்டியின் எண் அதற்குக் கிட்ட வர வேண்டும். சும்மா இருக்கும்போது பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை சாதாரணம். மூன்று: பிரஷர் காட்டும் என்றால், பட்டியை ஒரு வாழைப்பழத்தில் சுற்றிப் பாருங்கள். பழத்துக்கும் பிரஷர் காட்டினால், அந்தப் பட்டியை நீங்களே மதிப்பிட்டுக்கொள்ளுங்கள்.

விலையைக் கேட்டதும், அது எத்தனை பேர் சம்பளம் என்று கணக்குப் போடுங்கள். நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாய், 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாய் என்று வந்ததே எத்தனை போராட்டத்துக்குப் பிறகு? கடன்பட்டு, தவணை முறையில் இதை வாங்குவது புத்தியல்ல. வாங்கினால், குளிக்கும்போதும் வியர்க்கும்போதும் கழற்றித் துடைத்துக் கட்டுங்கள். ஈரத்தோடு இறுக்கிக் கட்டினால் தோல் அரிக்கும்.

யாருக்கு உதவும்? பென்ஷன் எடுத்து வீட்டில் இருப்பவருக்கு, கடையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, சுகருக்காக நடக்கச் சொல்லி டாக்டர் சொன்னவருக்கு உதவும். நேற்றைவிட இன்று கொஞ்சம் கூட நடந்தோமா என்று பார்க்க அது போதும். மற்றவர்கள் அந்தக் காசில் பிள்ளைக்கு ஒரு சோடி சப்பாத்து வாங்கலாம்.

35 வயது தாண்டியவர்கள் அரச ஆஸ்பத்திரியின் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையத்தில் இலவசமாகவே பிரஷரும் சுகரும் பார்க்கலாம். நெஞ்சு வலித்தால், மூச்சு வாங்கினால், பட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே 1990 க்குப் போன் செய்யுங்கள். அந்த அம்புலன்ஸுக்கும் காசு இல்லை.

பட்டி கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கிளினிக் கொப்பியில் எழுதிய திகதி வந்தால் போய்விட வேண்டும். அரை நாள் போனாலும் பரவாயில்லை என்று வீட்டிலுள்ள மற்றவர்கள் அனுப்பிவைக்க வேண்டும்.