பிள்ளையின் கைக்கு எட்டும் அருங்காட்சியகம்

இன்று சிறுவர் அருங்காட்சியகம் பற்றிப் பேசப்போகிறேன். தொடு, திருப்பு, கழற்று, மறுபடி பூட்டு என்று பிள்ளையிடம் சொல்லும் இடம் அது.

சிறுவர்களுக்கென்றே உலகில் முதன்முதலாக ஓர் அருங்காட்சியகம் 1899இல் அமெரிக்காவின் புரூக்ளினில் திறக்கப்பட்டது. பொருளைக் கையில் கொடுக்கும் வழக்கம் பரவலானது 1960களில்தான். பொஸ்டன் சிறுவர் அருங்காட்சியகத்துக்கு 1962இல் இயக்குநராக வந்த மைக்கல் ஸ்பொக், சிறுவயதில் வாசிக்கப் பெரும்பாடு பட்டவர். கண்ணால் எழுத்தைப் பிடிக்க முடியாத பிள்ளை கையால் உலகத்தைப் பிடிக்கும் என்பதை அனுபவத்தில் அறிந்திருந்தார். அன்றாடப் பொருட்களை அறுத்து, உள்ளே இருப்பதைக் காட்டும் கண்காட்சியை அமைத்தார்.

ஆனால் என் மனம் அதிகம் ஒட்டிக்கொள்வது வாஷிங்டனின் அனகொஸ்தியாவில். கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த, வசதி குறைந்த பகுதி அது. மூடிக் கிடந்த ஒரு திரையரங்கை ஊர்மக்களும் இளைஞர்களும் துப்புரவாக்கினார்கள். 1967 செப்டெம்பரில் அது அருங்காட்சியகமாகத் திறந்தது. சமூகத் தொண்டரும் மதபோதகருமான ஜோன் கினார்ட் பொறுப்பேற்றார். பழைய காலத்துக் கடையொன்றை உள்ளே அப்படியே அமைத்திருந்தார்கள். பிள்ளைகள் அங்கே கோப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரத்தைச் சுற்றலாம். அங்கு வந்துபோன பிள்ளைகளின் பேச்சில் அடிக்கடி வந்தது, வீட்டில் எலித் தொல்லை. அதைக் காதில் வாங்கியவர்கள் 1969இல் எலியைப் பற்றியே ஒரு கண்காட்சி வைத்தார்கள், உயிருள்ள எலிகளோடு. எலி எப்படிப் பெருகுகிறது, எதனால் வீட்டுக்குள் வருகிறது, எப்படி விரட்டுவது என்றெல்லாம் அதில் இருந்தது. பொஸ்டனில் கேள்வியை இயக்குநர் கேட்டார். இங்கே பிள்ளை கேட்டது. அதனால்தான் இதை உயர்ந்தது என்கிறேன்.

நம் இலங்கையில் இதற்கு நெருங்கிய உறவு, கம்பளைக்குப் பக்கத்தில் பாரதெக்கவில் இருக்கிறது. கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் அங்கே ஒரு தோட்டத்தின் பழைய லயத்திலேயே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகத்தை அமைத்தது. வீட்டுச் சாமான்கள், வேலைக் கருவிகள், பழைய ஆவணங்கள், படங்கள் எல்லாம் அங்கே சேர்ந்திருக்கின்றன. நம் பாட்டன் பூட்டன் குடியிருந்த காம்பிராவே அருங்காட்சியகமாக நிற்பது பெரிய காரியம். பெரியவர்களின் நினைவு அங்கே பத்திரமாக இருக்கிறது. பிள்ளையின் கைக்கு வேலை கொடுப்பது அடுத்த படி.

அந்தப் படியை மாத்தளை மாவட்டத்து யட்டவத்தையில் எடுத்துவைக்கலாம் என்பேன். அந்த மாவட்டம் தேயிலையோடு இறப்பர், கொக்கோ, மிளகு எல்லாம் விளையும் மண். இறப்பர் பாலில் பெரியவர் ஒருவர் அளவாக அமிலம் கலந்து வைக்கட்டும். பால் உறைந்து கட்டியாவதைப் பிள்ளை பார்க்கட்டும். பிறகு உருளையில் போட்டுத் தானே தகடாக்கட்டும். கொக்கோக் காயை உடைத்தால் வெள்ளைச் சதை ஒட்டிய விதைகள் வரும். அவற்றைக் குவித்து வாழையிலையால் மூடிவைத்தால் 5, 6 நாளில் புளித்து நிறம் மாறும். குவியலில் கைவைத்தால் சூடு தெரியும். சொக்லட்டின் மணம் அந்தச் சூட்டில்தான் தொடங்குகிறது. இதைப் புத்தகத்தில் படிக்கும் பிள்ளைக்கும் உள்ளங்கையில் உணரும் பிள்ளைக்கும் எவ்வளவு வித்தியாசம்! ஓய்வுபெற்ற பால்வெட்டுக்காரரும் கவ்வாத்துக்காரரும்தான் இதற்கு ஆசிரியர்கள். சிங்கள, தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒரே மேசையைச் சுற்றி நிற்க வேறு ஏற்பாடே தேவையில்லை.

கட்டடத்துக்காகக் காத்திருந்தால் காலம் போய்விடும். பாடசாலையிலோ வாசிகசாலையிலோ ஒரு வெறும் அறை போதும். வீட்டில் பழைய கவ்வாத்துக் கத்தியோ, கொழுந்துக் கூடையோ, தப்போ இருந்தால் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். எடுத்துவைத்து, உங்கள் ஊர் ஆசிரியரிடம் இன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லுங்கள்.