உதவி போதாது, உரிமை வேண்டும்: பரவை முனியம்மாவை முன்வைத்து

(எழுமலையில் இளைஞர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம மதுரைப் பக்கத்துப் பரவையைத் தமிழ்நாடு முழுக்கத் தெரியவைத்தவர் முனியம்மா. பல வருடம் ஊர் ஊராக மேடையேறிப் பாடியவர். 2003-இல் 'தூள்' படத்தில் வித்யாசாகர் இசையில் பாடினார், திரையிலும் தோன்றினார். பிறகு வரிசையாகப் படங்கள். அப்புறம் கலைஞர் டிவியில் கிராமத்துச் சமையல். பாட்டுக்காரி, நடிகை, டிவி முகம் என்று மூன்று வாழ்க்கை வாழ்ந்தார்.

பெயர் வாங்கிய பாடகர்கள் பலர் இதற்கு அடுத்த படியும் ஏறுகிறார்கள். இசைப்பள்ளி தொடங்குகிறார்கள், அறக்கட்டளை வைக்கிறார்கள், இளையவர்களுக்கு விருது கொடுக்கிறார்கள். முனியம்மா பாட்டி அந்த இடத்துக்குப் போகவில்லை. நோயும் வறுமையும் சூழ்ந்தபோது, 2015-இல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா அவர் பெயரில் 6 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை போட்டு, மாதாமாதம் வட்டி கிடைக்க ஏற்பாடு செய்தார். நடிகர்களும் உதவினார்கள். 2020 மார்ச் 29-இல், கொரோனா ஊரடங்கின் ஐந்தாம் நாள், பாட்டி காலமானார்.

உதவியவர்களுக்கு நன்றி. ஆனால் திரையும் டிவியும் கொண்டாடிய ஒரு கலைஞருக்கு ஏன் உதவி தேவைப்பட்டது?

இது தனிமனிதரின் துரதிர்ஷ்டம் என்று கடந்துவிட முடியாது. கலைகளுக்கும் இங்கே சாதி இருக்கிறது. கர்நாடக இசைக்கு 1928 முதல் மியூசிக் அகாடமி இருக்கிறது; சபாக்கள், டிசம்பர் சீசன், விமர்சகர்கள், ஸ்பான்சர்கள் இருக்கிறார்கள். நாட்டுப்புறக் கலைஞருக்கு இருப்பது நல வாரியம். ஒரு கலையை வளர்க்க நிறுவனம். இன்னொரு கலையின் ஆட்கள் பட்டினி கிடக்காமல் இருக்க வாரியம். வாரியம் வேண்டும்தான். அது மட்டும் போதுமா? நீலம் பண்பாட்டு மையம் 2020-இல் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது இந்த இடைவெளியை நோக்கித்தான்.

சென்னைக்கு விட்டுவிடாமல் நாமும் செய்யலாம். நம்ம ஊர்த் திருவிழாவுக்குப் பறை, கரகம், பாட்டு என்று யாரை அழைத்தாலும், 'கலைக்குழு' என்று முடிக்காமல் ஃப்ளெக்ஸில் ஒவ்வொருவர் பெயரையும் போடுங்கள். சம்பளத்தை எழுதிக் கொடுங்கள், பாதியை முன்பணமாகக் கொடுங்கள். பந்தியில் எல்லோரோடும் உட்கார வையுங்கள். அவர்கள் பாட்டை யூடியூபில் ஏற்றினால் வருமானத்தில் பங்கு கொடுங்கள்.

கலைஞருக்கு நாம் புரவலராக வேண்டாம். கூலியை ஒழுங்காகக் கொடுத்தால், நாளைக்கு அவரே நாலு பேருக்குப் புரவலராவார்.

ஜெய்பீம்.