குட்டியின் மதிப்பெண்

(தாம்பரத்தில் இளைஞர்கள் கூடிய ஒரு நிகழ்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கத்திலிருந்து வந்திருக்கும் உங்களில் பலர் ‘ஆர்க்’ ஆடுகிறவர்கள். நானும் ஆடுகிறேன். 2015இல் வந்த ஆட்டம். ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு தீவில் டைனோசர்களைப் பிடித்துப் பழக்கி, இணை சேர்த்துக் குட்டி எடுத்துப் பிழைத்திருக்க வேண்டும்.

குட்டியின் உடல்வலு, தாக்கும் திறன், சுமக்கும் திறன் எல்லாம் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ தனித்தனியாக வரும். ஒவ்வொன்றிலும் இருவரில் உயர்ந்த எண் வர 55 விழுக்காடு வாய்ப்பு. ஏறக்குறைய காசு சுண்டுவதுதான். மியூட்டேஷன் வர 7 விழுக்காடு சொச்சம். அதற்காக விடிய விடிய முட்டை பொரிக்கிறோம். எண் தேறாத குட்டியைக் கொன்றுவிடுகிறோம்.

அது ஆட்டம். அங்கே உயிரின் மதிப்பு எண்ணாக எழுதியிருக்கிறது. உடன்பிறந்தவற்றையே இணை சேர்த்தாலும் குறை வராது. மனிதருக்கு இந்த இரண்டுமே பொருந்தாது. ஆனால் ‘நம்ம ரத்தம்’ என்று பேசும் உறவினர்கள் இந்தப் பண்ணைக் கணக்கைத்தான் நம்மிடம் நீட்டுகிறார்கள்.

அகமணம்தான் சாதியின் சாரம் என்று அண்ணல் அம்பேத்கர் 1916இலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் காட்டினார். சாதி நல்ல வாரிசுகளைத் தரும் ஏற்பாடு என்ற வாதத்துக்கு 1936இல் ‘சாதி ஒழிப்பு’ உரையில் பதில் தந்தார். வாரிசுதான் கவலை என்றால் சேர்ந்து உண்பதை ஏன் தடுக்கிறீர்கள் என்பது அவர் கேள்வி.

2017இல் ‘நேச்சர் ஜெனிட்டிக்ஸ்’ இதழில் வந்த ஆய்வு தெற்காசியாவின் 263 குழுக்களைப் பார்த்தது. 81 குழுக்களில், மிகச் சில முன்னோர்களின் வழியிலேயே பெருகியதன் வலுவான தடம் தெரிந்தது. ஒளிந்திருக்கும் மரபு நோய்கள் இத்தகைய குழுக்களில் வெளிப்பட வாய்ப்பு அதிகம். ‘தூய ரத்தம்’ காத்துவைத்தது இதைத்தான்.

ஆனால் இந்த ஆய்வைச் சாதி மறுப்பு மணத்துக்குச் சான்றிதழாகத் தூக்காதீர்கள். ‘கலந்து பிறக்கும் பிள்ளை அறிவாளியாக இருக்கும்’ என்று நம் ஆட்களே சொல்வதுண்டு. அதுவும் பண்ணைக் கணக்குதான். அப்படிப் பிறந்த பிள்ளை பள்ளியில் பின்தங்கினால் அந்த மணம் தவறாகிவிடுமா? பிள்ளையே வேண்டாம் என்று ஒரு இணையர் முடிவெடுத்தால்?

2024 பிப்ரவரியில், இங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்கரணையில், சாதி கடந்து மணந்த தலித் இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். சில வாரங்களில் அவருடைய இணையரும் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த இருவரும் சேர்ந்து வாழ விரும்பினார்கள். அதற்கு மேல் ஒரு காரணம் தேவையில்லை. வயதுவந்த இருவர் மணக்க முடிவெடுத்தால் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ வேண்டியதில்லை என்று 2018இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

வீட்டில் ரத்தம், வாரிசு என்று பேச்செடுத்தால் மரபணு வகுப்பு எடுக்காதீர்கள். ‘இது என் வாழ்க்கை, என் விருப்பம்’ என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்லும் நண்பருக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். ஆணவக் கொலைக்கு எதிரான தனிச்சட்டத்தைச் சேர்ந்து கேட்போம்.

ஜெய்பீம்.