துணை நிற்றல்



யப்பானிய ரெனிஸ் வீராங்கனை அய் சுகியாமா 2000இல் பிரான்சின் ஜூலி ஹலாருடன் அமெரிக்கப் பகிரங்க இரட்டையர் பட்டத்தை வென்று, இரட்டையர் தரவரிசையில் உலகின் முதலிடத்தையும் அடைந்தார். அதே காலத்தில் ஒற்றையர் ஆட்டத்தில் தளர்ந்து, விளையாட்டையே விட்டுவிட எண்ணினார். தாயார் பயிற்றுநராகத் துணை நின்றார். 2003இல் பெல்ஜியத்தின் கிம் கிளைஸ்டர்ஸுடன் பிரெஞ்சுப் பகிரங்கப் பட்டத்தையும் விம்பிள்டனையும் வென்றார். 2004இல் ஒற்றையரில் எட்டாமிடத்துக்கு உயர்ந்தார். 2009இல் ஓய்வு பெறும்போது இரட்டையர் பட்டங்கள் 38.

சாதாரண தரப் பரீட்சை நெருங்கியதும் மட்டையைக் கீழே வைக்கும் தங்கைமார் நம்மிடையே பலர். அவர்கள் அருகில் யார் நிற்பது? நூறாண்டு கண்ட நம் சங்கம் முதலில் ஏற்கவேண்டிய பணி அதுவே. நாம் நிற்போம்.